மழைக்காலத்தில் ஒரு அணியின் வரலாற்றைச் சார்ட்டில் எழுதுவது எப்படி

நவம்பர் மாதம் எங்கள் மைதானத்தில் பந்து உருளாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டாலே அன்று மாலை பயிற்சி கிடையாது என்று வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் ஆறு மணி ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "போங்கடா, மழை வருது" என்றால் போக மாட்டார்கள். வீடு ஒரே அறை. அம்மா சமைக்க வேண்டும், தங்கச்சி படிக்க வேண்டும், இவனுக்குக் கால் நீட்ட இடம் இருக்காது.

அந்த மாலைகளுக்காக நான் பிடித்த வேலை இது. ஒரு அணியை எடுத்து, அதன் வரலாறு முழுவதையும் ஒரே ஒரு சார்ட் பேப்பரில் பிள்ளைகளை விட்டே எழுத வைப்பது. நான்கு மாலை போதும். மூன்று மழைக்காலமாகச் செய்கிறோம். நன்றாக அமைந்தது 2024இல் செய்ததுதான். அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் பகுதியில் கிளப் நடத்துகிறவர்களும், பள்ளியில் பி.டி. வகுப்பு எடுக்கிறவர்களும் இதை அப்படியே செய்யலாம்.

முதலில் அணியைத் தேர்ந்தெடுப்பது. பிள்ளைகளைக் கேட்டால் பார்சிலோனா, மான்செஸ்டர் என்பார்கள். வேண்டாம். நூறு வருடத்துக்கு மேல் ஆன அணிகள், ஒரு சார்ட்டில் அடங்காது. அதோடு அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருக்கும், தேட மாட்டார்கள். வயது குறைந்த அணியாக, பிறந்த வருடத்திலிருந்து இன்று வரைக்கும் கையில் எண்ணக்கூடிய அணியாக எடுங்கள். யாருக்கும் தெரியாத அணியாக இருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் எடுத்தது கனடாவில் கியூபெக் நகரத்தில் இருக்கிற லவால் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி. என் அண்ணன் மகன் அங்கே படிக்கிறான். முதல் வருடம் பனி, குளிர், பிரெஞ்சு மொழி என்று ஃபோனில் புலம்பிக்கொண்டே இருந்தவன், ஒரு சனிக்கிழமை ராத்திரி கூப்பிட்டு, "அத்த, இங்க ஒரு மேட்ச் பார்த்தேன், நம்ம ஊரு திருவிழா மாதிரி இருந்துச்சு" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்காகவே அந்த அணியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். 1996இல்தான் முதல் பருவம் ஆடியிருக்கிறார்கள். அதற்குள் 12 தேசியப் பட்டம். கனடாவில் வேறு எந்தப் பல்கலைக்கழகமும் இத்தனை வாங்கியதில்லை. இதைவிடப் பொருத்தமான அணி எங்கே கிடைக்கும்?

பெயரையும் ஊரையும் முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் ஃபோனில் லவால் என்று தேடி, மோன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் இருக்கிற லவால் என்ற ஊரைச் சார்ட்டில் வரைந்துவிட்டார்கள். இந்தப் பல்கலைக்கழகம் அந்த ஊரில் இல்லை. கியூபெக்கின் முதல் ஆயராக இருந்த பிரான்சுவா த லவால் என்பவரின் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு வைத்திருக்கிறார்கள்; அது இருப்பது சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, கியூபெக் நகரத்தில். அரைச் சார்ட் வீணானது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் எல்லாமே பென்சில்; ஸ்கெட்ச் பேனா கடைசி நாள்தான்.

அணியின் பெயர் ரூஜ் எ ஓர். சிவப்பும் பொன்னும் என்று அர்த்தம். ஜெர்ஸி நிறமும் அதுதான். பார்க்கிற எழுத்தை வைத்து 'ரூஜ் எட் ஓர்' என்று எழுதியிருந்தோம். அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் மூன்று தடவை சொல்லி அனுப்பி, அதைக் கேட்டுக் கேட்டு சரியாக எழுதினோம். அந்த ஊர்க்காரர் வாயில் எப்படி வருகிறதோ அப்படி எழுதுங்கள். நம் ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர்கள் கடித்துத் துப்பும்போது நமக்கு எப்படி இருக்கிறது?

இரண்டாவது மாலை: ஆட்டத்தைப் புரிந்துகொள்வது

இதைத் தாண்டிக் குதித்துப் போய்விடாதீர்கள். ஆட்டம் தெரியாமல் வருடத்தையும் ஸ்கோரையும் எழுதினால் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிடும்.

முதல் வீடியோவைப் போட்டதுமே எங்கள் கோல்கீப்பர் எழுந்து நின்று, "இன்னாக்கா இது, பந்து சப்பையா கீது? கையில தூக்கினு ஓடுறான்?" என்றான். நியாயமான கேள்வி. கனடாவில் ஃபுட்பால் என்றால் இதுதான். நாம் ஆடுகிற பந்து அங்கே சாக்கர். இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1874 மே மாதம் மோன்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்காவில் ஹார்வர்டுக்கு ஆடப் போனார்கள். இரண்டு பேருடைய விதியும் வேறு வேறு. அதனால் ஒரு நாள் ஹார்வர்டு விதிப்படி, மறுநாள் மெக்கில் பழகியிருந்த ரக்பி விதிப்படி ஆடினார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது ஹார்வர்டுக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. அமெரிக்க ஃபுட்பாலின் வேர் அந்த இரண்டு நாளில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு விதி மாறுகிற கில்லி, கோலி ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

விதிகளை வாயால் சொல்லாதீர்கள், நடத்திக் காட்டுங்கள். பந்து இல்லை என்பதால் பழைய ஃபுட்பால் சாக்ஸ் ஒன்றுக்குள் கிழிந்த பனியன் துணியைத் திணித்து, இரண்டு பக்கமும் நூலால் கட்டினோம். நடு பெருத்து, இரண்டு முனையும் கூர்மையாக அசல் அந்தப் பந்து மாதிரியே வந்தது. அறையின் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டோம். ஒரு பக்கத்துக்கு 12 பேர் என்பது முதல் விதி. அமெரிக்க ஆட்டத்தில் 11 பேர். பந்து கையில் இருக்கிற அணிக்கு மூன்று வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு தருகிறார்கள், இங்கே மூன்றுதான். அதனால் அடிக்கடி பந்தை உதைத்துவிட வேண்டிவரும். மைதானமும் பெரிது. நீளம் 110 கஜம், அகலம் 65 கஜம். அது போக இரண்டு கோடியிலும் ஆளுக்கு 20 கஜம் கோல் பகுதி. எங்கள் மைதானத்தை அடி வைத்து அளந்து பார்த்த பையன், "பத்தாதுக்கா, ரோட்டுக்குப் போயிடும்" என்றான்.

புள்ளி எண்ணிக்கைதான் பிள்ளைகளுக்குக் குழப்பம். பந்தோடு எதிரணிக் கோல் பகுதிக்குள் போய்விட்டால் 6. அதற்குப் பிறகு கிடைக்கிற கூடுதல் வாய்ப்பில் 1 அல்லது 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. எதிரணிக்காரனை அவனுடைய கோல் பகுதிக்குள்ளேயே பந்தோடு மடக்கிவிட்டால் 2. கடைசியாக ஒன்று, கனடாவுக்கே உரியது. நீங்கள் உதைத்த பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் போய், அவர்களால் அதை வெளியே எடுத்துவர முடியாமல் போனால் உங்களுக்கு 1 புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளிக்குப் பெயர் ரூஜ். அணியின் பெயரில் இருக்கிற அதே சொல்.

இந்த ஒரு புள்ளியை விளக்க 2004ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைப் பயன்படுத்துங்கள். லவால் 7, சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் 1. எங்கள் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, நம் கால்பந்தில் ஒரு அணி ஏழு கோல் போட்டு அடித்துத் துவைத்த மாதிரி கைதட்டினார்கள். நான் கணக்குப் போடச் சொன்னேன். அந்த 1 எப்படி வந்திருக்கும்? 6 இல்லாமல் கூடுதல் 1 வராது. 3 கிடையாது, 2 கிடையாது. அப்படியானால் அது ரூஜ் மட்டும்தான். ஒரு நாட்டின் இறுதிப் போட்டி முழுவதும், 60 நிமிடமும், ஒரு அணிக்குக் கிடைத்தது அந்த ஒற்றைப் புள்ளி. மற்ற நேரமெல்லாம் லவாலின் தடுப்பு ஆட்டக்காரர்கள் அவர்களை உள்ளே விடவே இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஸ்டாப்பர் பேக், ஏழாம் வகுப்பு படிக்கிறான். தடுத்து ஆடுகிறவனுக்கு யாரும் கைதட்டுவதில்லை என்று எப்போதும் அவனுக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தக் கட்டத்தை அவனே எழுதினான். வேறு யாரையும் தொட விடவில்லை.

கட்டம் போடுவது

சார்ட்டை நீளவாக்கில் வையுங்கள். ஸ்கேல் வைத்து இரண்டு வரிசை, வரிசைக்கு 15 கட்டம். மேல் வரிசையில் 1996 முதல் 2010, கீழ் வரிசையில் 2011 முதல் 2024. கடைசியில் ஒரு கட்டம் மிஞ்சும். அது மிஞ்சட்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம்: யாரோடு, எங்கே, எத்தனைக்கு எத்தனை. பட்டம் வென்ற வருடங்களுக்குப் பொன்னிறம். லவால் பட்டம் வென்ற வருடங்கள் இவை: 1999, 2003, 2004, 2006, 2008, 2010, 2012, 2013, 2016, 2018, 2022, 2024. கட்டத்தில் போட்டுப் பாருங்கள், மேலே ஆறு, கீழே ஆறு வரும். நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நிறம் அடித்து முடித்து எட்ட நின்று பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர்கள் வெல்கிற கோப்பைக்கு வானியே கோப்பை என்று பெயர். 1965இல் தொடங்கியது. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் வானியே பெயரில் வைத்தார்கள். முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர் அவர். இதை ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

தகவலைச் சரிபார்க்கும்போது இரண்டு இடத்தில் ஒத்துப்போனால்தான் எழுத வேண்டும் என்று வையுங்கள். போட்டியை நடத்துகிற அமைப்பின் பெயரும் மாறியிருக்கிறது. 2001இல் ஒரு முறை, 2016இல் இன்னொரு முறை. இப்போது யு ஸ்போர்ட்ஸ். பெயர் மாறியதைப் பார்த்து வேறு வேறு போட்டி என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள்.

தோற்ற வருடங்களையும் அதே அளவில் எழுதுங்கள்

பெரும்பாலான கிளப் பேனர்களில் தோல்வியே இருக்காது. கோப்பை, மாலை, தலைவர் படம், அவ்வளவுதான். பிள்ளைகள் தோற்றுவிட்டு வரும்போது அந்தப் பேனரைப் பார்த்தால், நம்மை மாதிரி ஒருத்தனும் இதில் இல்லை என்றுதான் தோன்றும்.

லவால் 14 முறை இறுதிப் போட்டிக்குப் போய் இரண்டு முறை தோற்றிருக்கிறது. இரண்டையும் சிவப்பில், பொன்னிறக் கட்டத்தின் அதே அளவில் எழுதினோம். கீழ் வரிசையின் முதல் கட்டமே ஒரு தோல்வி. 2011, வான்கூவர். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 41, லவால் 38. முந்தைய வருடம் சொந்த மைதானத்தில் கால்கரியை 29–2 என்று அடித்துப் பட்டம் வாங்கிய அணி இது. குறித்த நேரத்தில் சமமாகி, கூடுதல் நேரத்திலும் சமமாகி, இரண்டாவது கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். மூன்று புள்ளி. நம் ஆட்டத்தில் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்றவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அடுத்த கட்டத்தை அன்று எழுத விட மாட்டேன். மறுநாள் மாலை வரட்டும் என்று அனுப்பிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஒரு ராத்திரி அதை மனதில் வைத்துக்கொண்டு தூங்கட்டும்.

மறுநாள் எழுதியது: 2012, டொராண்டோ. எதிரணி அதே மெக்மாஸ்டர். லவால் 37, மெக்மாஸ்டர் 14. அது ஏழாவது பட்டம். அதுவரை வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கும் லவாலுக்கும் ஆறு ஆறு என்று சமமாக இருந்தது. அன்றோடு லவால் முன்னால் போய்விட்டது. 2017இல் அதே வெஸ்டர்ன் திரும்பி வந்து இவர்களை 39–17 என்று தோற்கடித்ததையும் எழுதினோம். 2018இல் கியூபெக்கிலேயே வெஸ்டர்னை 34–20 என்று வென்றதையும் எழுதினோம். இரண்டு முறை இறுதிப் போட்டியில் தோற்றவர்கள், இரண்டு முறையும் அடுத்த வருடமே அதே எதிரணியைத் தோற்கடித்திருக்கிறார்கள். இதையும் சார்ட்தான் காட்டிக்கொடுத்தது. வெறும் பட்டியலாகப் படித்தபோது நானே கவனிக்கவில்லை.

2020 கட்டத்தில் 'கொரோனா, ஆட்டம் இல்லை' என்று எழுதினோம். அந்த வருடம் எங்கள் மைதானமும் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் எழுதிய கட்டங்களிலேயே ரொம்ப வேகமாக எழுதியது அதுதான்.

எதனால் என்று கேட்க வைப்பது

கட்டம் நிறைந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: 1996இல் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தவன் 1999இல் எப்படிப் பட்டம் வாங்கினான்? நான்காவது பருவத்திலேயே டொராண்டோவில் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தை 14–10 என்று வென்றிருக்கிறார்கள். பிள்ளைகள் உடனே "ப்ளேயருங்க நல்லா ஆடினாங்க" என்பார்கள். அதோடு விடாதீர்கள்.

நாங்கள் சார்ட்டின் கீழே இடம் விட்டு மூன்று பெட்டி போட்டோம். முதல் பெட்டி, பணம். பல்கலைக்கழகம் தனியாக இதைத் தூக்கிச் சுமக்கவில்லை. ஊர் வியாபாரிகள் கூடச் சேர்ந்தார்கள். மரச்சாமான் கடை நடத்துகிற குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் டாங்கே என்பவர் இந்த அணிக்குப் பின்னால் பல வருடம் நின்றவர். நம் எருக்கஞ்சேரி ஹை ரோட்டில் கடை வைத்திருக்கிற ஒருவர் ஊர் அணிக்கு முதுகு கொடுத்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது பெட்டி, பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது. கியூபெக்கில் பள்ளி முடித்ததும் நேராகப் பல்கலைக்கழகம் போவதில்லை. நம் பிளஸ் டூ மாதிரி நடுவில் செஜெப் என்ற கல்லூரியில் இரண்டு வருடம் படிக்கிறார்கள். அங்கேயும் ஃபுட்பால் அணிகள் இருக்கின்றன. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு வரும்போது கொஞ்சம் முதிர்ந்த, அடிபட்டுப் பழகிய ஆட்டக்காரனாக வருகிறான். அதுவும் அந்தப் பகுதியில் பிரெஞ்சு பேசுகிற பிள்ளைக்குத் தன் மொழியிலேயே படித்துக்கொண்டு ஆட ஒரு பெரிய அணி இது. மோன்ட்ரியால் பல்கலைக்கழகம் 2002இல்தான் மறுபடியும் அணி அமைத்தது. அவர்கள் 2014இல் முதல் தேசியப் பட்டம் வாங்கியபோது லவாலுக்குப் பக்கத்திலேயே சரியான போட்டி வந்துவிட்டது.

மூன்றாவது பெட்டி, நிலைத்து நின்ற ஆள். 1999இல் பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜாக் ஷாப்டெலென். 2001இல் க்ளென் கான்ஸ்டன்டின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2003 முதல் 2024 வரை வந்த 11 பட்டமும் அவர் காலத்தில் வந்தவை. ஒரு மாணவர் அதிகபட்சம் ஐந்து பருவம் ஆடலாம், அப்புறம் போய்விடுவார். ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கோட்டுக்கு வெளியே நிற்கிறவர் மாறவில்லை. இந்தப் பெட்டியை நான்தான் எழுதினேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்று பிள்ளைகளை வளர்ப்பது என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு வருடமும் நல்ல ஆட்டக்காரன் படிப்புக்கோ வேலைக்கோ போய்விடுவான், அடுத்த நாள் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருத்தன் லேஸ் கட்டத் தெரியாமல் வந்து நிற்பான்.

முடிந்தால் ஒரு ஆட்டத்தை நேரலையில் பாருங்கள். பருவம் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து நவம்பரில் முடிகிறது. அக்டோபர் வரை கியூபெக் நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால். அவர்களுக்கு மதியம் ஒரு மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், அப்புறம் பத்தரை மணி வித்தியாசம். இதைச் சுவரில் எழுதி ஒட்டாவிட்டால் ஒரு மணி நேரம் முன்னாலேயே உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளை ராத்திரி உட்கார வைக்காதீர்கள். காலையில் ஸ்கோர் மட்டும் சொல்லுங்கள்.

சார்ட்டின் பின்பக்கம்

இதற்காகத்தான் இவ்வளவும். முன்பக்கம் முடிந்ததும் சார்ட்டைத் திருப்பிப் போட்டு, அதே மாதிரி கட்டம் போடுங்கள். இது உங்கள் கிளப்புக்கு.

எங்கள் கிளப்பின் நோட்டுகளை நான் ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. பெட்டியைத் திறந்தபோது நோட்டுகள் இட்லி மாவு மாதிரி இருந்தன. விரலால் தொட்டால் பக்கம் பிய்ந்து கையோடு வந்தது. யார் யார் எந்த வருடம் கேப்டன், எந்த டோர்னமென்டில் எந்த ரவுண்டு, எல்லாம் நீல மையாகக் கரைந்து கிடந்தது. அன்று நான் அழுதது எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர் என்று ஊரே பெருமையாகச் சொல்கிறது. அப்படிப் பெயர் வெளியே தெரிந்தவர்களை உலகம் எழுதி வைத்துக்கொள்ளும். மற்றவர்களை நாம்தான் எழுத வேண்டும்.

மறுபடி சேகரிப்பது எப்படி? பெரியவர்களிடம் போங்கள். ஆனால் 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஊருக்கே தெரிந்த ஒரு நாளை நடுவில் வைத்துக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்னாலயா பின்னாலயா என்றால் 1987ஐ வைத்துப் பிரித்துவிடலாம். சுனாமிக்கு முன்னாலயா என்றால் 2004. வெள்ளத்துக்கு அப்புறமா என்றால் 2015. இப்படி மூன்று கேள்வியில் வருடத்தை இரண்டு மூன்றுக்குள் இறுக்கிவிடலாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் பேனாவில், ஒருத்தர் மட்டும் சொன்னால் பென்சிலில்.

கோப்பையைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். எந்த பஸ்ஸில் போனீர்கள், ஜெர்ஸியை யார் துவைத்தார்கள், ஆட்டம் முடிந்து எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். கோப்பை தானாக வரும். முல்லை நகரில் ஒரு பெரியவரிடம் ஜெர்ஸி பற்றிக் கேட்டேன். "நம்ம எட்டாம் நம்பர் அம்மாதான் பதினோரு ஜெர்சியும் துவைக்கும்மா. மழை நாளுல அடுப்பு மேல கயிறு கட்டிக் காய வைக்கும். புகை வாசனையோட ஆடுவோம்" என்றார். அந்த அம்மாவின் பெயரை எங்கள் கட்டத்தில் எழுதியிருக்கிறோம், கேப்டன் பெயருக்குப் பக்கத்தில்.

எழுத முடியாத கட்டங்களும் வரும். ஒரு முறை எங்கள் பெண்கள் அணி அரையிறுதியில் முன்னணியில் இருந்தபோது வெளிச்சம் போய்விட்டது என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுநாள் வரச் சொல்லிவிட்டு, மறுநாள் போனால் எதிரணிக்கு வெற்றி கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஸ்கோர்ஷீட் கேட்டோம், தரவில்லை. நாங்கள் அந்தக் கட்டத்தில் நிறுத்தியபோது இருந்த ஸ்கோரை எழுதி, பக்கத்தில் 'ஆட்டம் முடியவில்லை' என்று எழுதினோம். கோபமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அன்று ஆடிய பெண்களில் ஒருத்தி இப்போது தன் மகளைப் பயிற்சிக்குக் கூட்டி வருகிறாள். அவள் அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டு, "சரியா எழுதியிருக்கீங்கக்கா" என்றாள்.

முடித்த சார்ட்டை ஃபோனில் படம் எடுத்து மூன்று பேருக்காவது அனுப்பி வையுங்கள். தண்ணீர் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். நாங்கள் 2024 நவம்பர் 23 ராத்திரி லவால் கிங்ஸ்டனில் லாரியர் பல்கலைக்கழகத்தை 22–17 என்று வென்ற செய்தி கேட்டு, மறுநாள் காலை கடைசிக் கட்டத்துக்குப் பொன்னிறம் அடித்தோம். ஒரு வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. அறைக்குள் மறுபடி தண்ணீர். சார்ட் பிளாஸ்டிக் உறைக்குள், மின்விசிறிக் கொக்கியில் கட்டித் தொங்கியது. ஒரு சொட்டு படவில்லை.

முன்பக்கத்தில் மிஞ்சிய அந்த ஒரு கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பின்பக்கத்தின் முதல் கட்டத்தில் பென்சிலில் இருப்பது இவ்வளவு: எம்.ஜி.ஆர். இறந்ததற்கு அடுத்த வருடம், சர்மா நகர், 0–3, தோல்வி, ஷூ இரண்டு பேருக்கு மட்டும். இன்னொருவர் வந்து ஆமாம் என்று சொன்னதும் பேனாவில் எழுதிவிடுவோம்.